"உங்க ஏரியால கேஸே வரலையே"

2024 டிசம்பரில், பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வடிந்த கையோடு, கடலூரில் எங்கள் தெருவில் பேதி ஆரம்பித்தது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை. புகார் கொடுக்கப் போனால் மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க ஏரியால கேஸே வரலையே சார்" என்றார். இன்னும் ஆறவில்லை எனக்கு.

அவர் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை வைத்துத்தான் கணக்கு எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் யார் போனார்கள்? கைக்குழந்தை என்றால் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அதுவும் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்கு. கொத்து வேலைக்குப் போகிறவர் ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைக்குக் கூலி போச்சு. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பெண்கள் ஓமத் தண்ணீரோடு வீட்டிலேயே சமாளிக்கிறார்கள். எதிர்வீட்டு ஆயா கண் உள்ளே போய், நாக்கு வறண்டு படுத்திருக்கிறார். கேட்டால் "வயசானா இப்படித்தாம்பா" என்கிறார். இவர்களில் ஒருவர்கூட எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சரி, நாமே எழுதுவோம் என்று தெருப் பெண்கள் சிலரோடு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினோம். "பேதி இருக்கா?" என்று கேட்டால் கூச்சத்தில் இல்லை என்றுவிடுவார்கள். "ஒரே நாள்ல மூணு தடவையோ அதுக்கு மேலயோ தண்ணியா போச்சா?" என்று கேளுங்கள். வயது, ஆரம்பித்த தேதி, தண்ணீர் பிடிக்கும் குழாய், எங்கே வைத்தியம் பார்த்தார்கள் என்பதையும் எழுதுங்கள். எங்கள் பட்டியலில் அந்தக் கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

அலைச்சல் தண்ணீர்ப் பரிசோதனையில்தான். "ஒரு பாட்டில்ல புடிச்சுட்டுப் போங்க" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கொண்டுபோனால் ஆய்வகத்தில் தொடவே இல்லை. கிருமி பார்ப்பதற்கு அவர்களே தரும், கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டுமாம். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்ல அந்த அலுவலகத்தில் ஓர் ஆள் இல்லை.

நகர்ப்புற சுகாதார நிலையத்து செவிலியர் அக்காதான் பட்டியலைப் பார்த்த உடனே சுகாதார ஆய்வாளருக்குப் போன் போட்டார். அவர் வந்து தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்தை விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் தண்ணீர் வெறும் தண்ணீராகவே நின்றது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நோய் பரவும் நேரத்தில் 0.5. தோண்டிப் பார்த்தால் சாக்கடைக்குள் ஓடும் குழாயில் இணைப்பு விட்டிருந்தது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகிறது, ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே இறங்குகிறது. முதல் குடம் நாறியது அதனால்தான்.

குழாயை மாற்றினார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், தெருவிலேயே முகாமும் நடந்தது. ஆயா தானே நடந்து வந்து பெயர் கொடுத்தார்.

மனு கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள். பேதியைக் கட்டுகிற மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டரில் கரையுங்கள், டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரிக்க வேண்டாம். 24 மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிடுங்கள். குழந்தைக்குத் தந்த துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாளும் கொடுங்கள்.