ஐயா வைத்த மனோரஞ்சிதம்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் இருக்கிற எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) வீட்டில் இப்போது யார் யாருக்குப் பங்கு என்று கேட்டால் அப்பச்சியே, அதாவது அப்பாவே, கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு பூட்டு. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று ஏதாவது வந்தால்தான் எல்லாக் கதவும் திறக்கும். ஆனால் கொல்லைக் கிணற்றை ஒட்டி ஐயா வைத்த மனோரஞ்சிதத்துக்கு இந்தக் கணக்கே கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்கள் வாழப்போன ஊருக்கெல்லாம் அதில் ஒன்று போயிருக்கிறது, காரைக்குடி, திருச்சி, மதுரை என்று, கொல்லையில் இருக்கிற செடிக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை.

மனோரஞ்சிதம் கண்ணுக்குச் சட்டென்று அகப்படாது. பூக்கும்போது இலை நிறத்திலேயே பச்சையாக இருக்கும், வாசமும் பெரிதாக வராது. ஆறு தடித்த இதழும் மெல்ல மஞ்சளாகும்போதுதான் கொல்லை முழுக்க மணக்கும். நான் அண்ணாந்து பார்த்துத் தேடிக்கொண்டே நிற்பேன். "ஆத்தா, கண்ணால தேடாத, மூக்கால தேடு" என்பார் ஐயா. பூக்காம்பு அங்குசம் மாதிரி வளைந்திருக்கும், அதைக் கொண்டுதான் கொடி பக்கத்துக் கிளையைப் பிடித்து ஏறும். எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு முகர்கிறோமோ அந்தப் பழ வாசம் வரும் என்று சொல்வார்கள் இல்லையா, எனக்கு எப்போதும் வாழைப்பழம்தான் வந்தது. அப்பத்தா அதைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பெட்டகத்தில் பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒரு பூவை வைத்துவிடுவார், புடவையை எடுக்கும்போதெல்லாம் அந்த வாசம்.

ஐயா விதை கொடுக்க மாட்டார். விதை முளைக்கவே வெகுநாள் ஆகும், முளைத்தாலும் அது வேறு செடி, தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பதியன்தான் போடுவார். ஐப்பசி மழை பிடித்து மண் நன்றாக ஊறியதும், தாழ இருக்கிற முற்றின கிளையை வளைத்து, கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சீவி, அந்த இடத்தை மண்ணுக்குள் புதைத்து, நிமிராமல் இருக்க மேலே ஒரு செங்கல் துண்டை வைப்பார். நுனி வெளியே இருக்க வேண்டும். எங்கள் பக்கம் செம்மண் சரளை, காய்ந்தால் இறுகிவிடும், அதனால் மழை விட்ட பிறகு அரிசி களைந்த தண்ணீரெல்லாம் அதற்குத்தான். மூன்று நான்கு மாதத்தில் வேர் விட்டதும் தாய்ச்செடியிலிருந்து வெட்டிக் கொடுப்பார்.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இதைத்தான். பதியனில் வந்த செடி அந்தச் செடியின் பிள்ளை இல்லை, அதே செடி. ஐயா கைபட்ட அதே உயிர்தான் இன்று என் வீட்டு மொட்டைமாடி டிரம்மில் வளர்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் படம் எடுக்கிறார்கள், சந்தோஷம்தான். கொல்லைப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அந்த வீடுகளில் இருந்தவர்கள் விடிந்ததும் முதலில் போன இடம் கொல்லைதான், நந்தியாவட்டையும் செவ்வரளியும் சாமிக்குப் பறிக்க.

அப்பத்தாவின் பூ என்றால் ஆவாரம்பூ. அது கொல்லையில் கிடையாது, கண்மாய்க்கரையில் தானாக வளர்ந்து கிடக்கும். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் எங்கள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. புது வேட்டியில் பிரித்த 21 இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோமே, அன்றைக்கு ஆவாரம்பூ இல்லாமல் அப்பத்தாவுக்கு ஆகாது. காலையிலேயே கூடையோடு கிளம்பிவிடுவார், முள் கிழித்தாலும் கவலைப்பட மாட்டார். இப்போது நகரத்தில் அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அதனால் போன முறை ஊருக்குப் போனபோது காய்ந்த நெற்றாகப் பார்த்துப் பறித்து வந்து விதை போட்டேன், இரண்டு முளைத்திருக்கிறது.

சித்தப்பா மகள் சென்னைக்கு ஒரு மனோரஞ்சிதம் கேட்டிருக்கிறாள். அயித்தை வீட்டில் இருந்தது வீடு இடித்துக் கட்டும்போது போய்விட்டது, அவர்களுக்கும் ஒன்று. இந்த ஐப்பசியில் என் செடியில் தாழ்ந்த கிளைகளாகப் பார்த்துப் பதியன் போடப்போகிறேன். பங்காளிகளில் வேறு யாருக்கு வேண்டும் என்றாலும் மழைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். தொட்டியில் வைக்காதீர்கள், டிரம்மாவது வேண்டும், தரை இருந்தால் ரொம்ப நல்லது.