விமானம் மாறும் இடைவேளையில் மதுரைத் தரிசனம்

மதுரையில் இறங்கி வேறு விமானம் ஏறுகிறவர்களுக்கு நடுவில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்தால், அது அம்மை கொடுத்த நேரம். மீனாட்சி சன்னதி விமான நிலையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். மகன் முருகன் திருப்பரங்குன்றத்தில் அதைவிடப் பக்கத்திலேயே இருக்கிறான். இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிற மனசுக்கு எந்தச் சன்னதியிலும் தரிசனம் கிடைக்காது. ஒரு கோயிலைத் தேர்ந்தெடுங்கள், அதை நிறைவாகச் செய்யுங்கள்.

எந்தக் கோயில் என்பதை விமான நேரத்தைவிட நடை சாத்தும் நேரமே தீர்மானிக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் பகல் 12.30க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். திருப்பரங்குன்றத்தில் பகல் 1 மணி வரை நடை திறந்திருக்கும். அங்கும் மாலை திறப்பு 4 மணிக்குத்தான். கிரகண நாளென்றால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுவதுதான் சரி. பகல் 1.30க்கு உள்நாட்டு விமானம் என்று வையுங்கள். ஒரு மணி நேரம் முன்பே, அதாவது 12.30க்கு, செக்-இன் கவுன்டர் மூடிவிடும். 11.45க்கு நிலைய வாசலில் நிற்க வேண்டுமென்றால் 11 மணிக்குக் கோயிலை விட்டுக் கிளம்பியாக வேண்டும். காலை 7.30க்கு இறங்கினவர் பெட்டியை எடுத்துக்கொண்டு 8.15க்கு வெளியே வந்தால் 9 மணிக்குக் கோயில். கையில் இரண்டு மணி நேரம், சாதாரண நாளில் போதும். வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, தொடர் விடுமுறை என்றால் போதாது. அன்றைக்குக் கோயிலுக்குள் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வழியில் அவனியாபுரமும் வில்லாபுரமும் காலையிலும் மாலையிலும் நெரிசல்தான். தை முதல் நாள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு, அன்று வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிடுவார்கள். சித்திரைத் திருவிழாவில் தேரோட்டம், திருக்கல்யாண நாட்களில் மாசி வீதிகள் பக்கமே வண்டி போகாது. அப்போது இடைவேளைப் பயணம் வேண்டாம்.

பெட்டிகளுக்கு என்ன வழி? தனித்தனி டிக்கெட் எடுத்தவர்கள் பெட்டியோடுதான் வெளியே வருவார்கள். ரயில் நிலையப் பொருள் வைப்பறையை நம்ப வேண்டாம், அங்கே ரயில் டிக்கெட் கேட்பார்கள், பூட்டில்லாத பெட்டியை வாங்கவும் மாட்டார்கள். போகவர ஒரே வாடகைக் காரைப் பேசி, பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு, டிரைவரைக் காத்திருக்கச் சொல்வதே நல்லது. கடவுச்சீட்டு, பணம், அடையாள அட்டை மூன்றும் உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

செல்போன் விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்தது. அதன் பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். உள்ளே போனபின் டிரைவரைக் கூப்பிடவும் முடியாது, மணி பார்க்கவும் முடியாது. ஆகவே கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். டிரைவர் எண்ணையும் வண்டி எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வீதிகளுக்குள் வண்டி வராது என்பதால் எந்த முனையில் நிற்பார் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். இன்னொன்று: செருப்பும் போனும் எந்தக் கோபுர வாசலில் வைத்தீர்களோ அதே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கிழக்கில் வைத்துவிட்டு மேற்கில் வெளியே வந்தால், சுட்டெரிக்கும் கல் தரையில் வெறுங்காலோடு பாதி வீதியைச் சுற்ற வேண்டியிருக்கும்.

அரைக்கால் சட்டையோடு உள்ளே விட மாட்டார்கள். வேட்டியோ புடவையோ கைப்பையிலேயே இருக்கட்டும்.

கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைவதே மரபு. இங்கே முதல் வணக்கம் அம்மைக்கு. பொற்றாமரைக் குளக்கரையில் ஒரு நிமிடம் நின்று, கிளிக்கூண்டு மண்டபம் தாண்டி மீனாட்சியைத் தரிசியுங்கள். மரகத மேனி, வலக்கையில் கிளி. அடுத்து முக்குறுணி விநாயகர். எட்டடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார், வண்டியூர் தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர் என்பார்கள். விநாயகர் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் இவருக்கு ஒரே கொழுக்கட்டை. பிறகு சொக்கநாதர் சன்னதி. அதன் எதிரில் வெள்ளியம்பலத்தில் நடராஜரைக் காணாமல் வந்துவிடாதீர்கள். மற்ற தலங்களில் இடக்கால் தூக்கி ஆடுபவர், இங்கே ராஜசேகர பாண்டியனுக்காக வலக்கால் தூக்கி ஆடுகிறார். அந்தப் பாதத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள், மாறிய கால் அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். நேரம் குறைவென்றால் ஆயிரங்கால் மண்டபத்தை விட்டுவிடலாம், அம்மை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கையில் இருப்பது நாலு மணி நேரத்துக்கும் குறைவா? திருப்பரங்குன்றம் போதும். ஏழு நிலை ராஜகோபுரத்திலிருந்து படியேறி உள்ளே போகப் போக மண்டபங்கள் உயர்ந்துகொண்டே வரும், கடைசியில் குடைவரை. ஒரே பாறையில் முருகன், துர்க்கை, கற்பக விநாயகர், சத்தியகிரீஸ்வரர், பவளக்கனிவாய்ப் பெருமாள் என ஐவர். சிவனும் பெருமாளும் எதிரெதிராக இருக்கிறார்கள். முருகன் இங்கே தெய்வானையோடு மணக்கோலத்தில் அமர்ந்திருக்கிறான். மலையிலேயே செதுக்கிய மூர்த்தி என்பதால் அபிஷேகம் அவன் வேலுக்குத்தான். லட்சுமி தீர்த்தத்தில் மீனுக்கு உப்பும் பொரியும் போடுகிற நேர்த்திக்கடன் உண்டு. முகூர்த்த நாளில் போனால் கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு நடுவே நகரவே முடியாது, பஞ்சாங்கம் பார்த்துவிட்டுப் போங்கள்.

பகல் 1 மணிக்கு மேல் வந்து இறங்குகிறவர்களுக்கு, இதே மலையின் தென்புறத்தில் உமையாண்டார் கோயில் இருக்கிறது. முதலில் சமணக் குகையாக இருந்து, 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் சிவன் கோயிலானது. பின்சுவரில் நந்தியோடு நிற்கும் அர்த்தநாரீசுவரர் புடைப்புச் சிற்பம் தேய்ந்தும் அழகு குறையாதது. அதைப் பார்த்துவிட்டு 4 மணிக்கு முருகன் வாசலில் நிற்கலாம். அழகர்கோவில், பழமுதிர்சோலை ஆசை இந்தப் பயணத்தில் வேண்டாம். அவை நகருக்கு வடக்கே 20 கிலோமீட்டர், விமான நிலையமோ தெற்கே.

பிரசாதம் கொண்டுபோவதிலும் கவனம் தேவை. குங்குமம், திருநீறு, லட்டுக்குத் தடையில்லை. கற்பூரமும் தீப்பெட்டியும் எந்தப் பெட்டியிலும் கூடாது. அர்ச்சனைத் தேங்காயைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக் குப்பையில் போடுவதைப் பார்க்க மனசு தாங்காது, கிளம்பும் முன் டிரைவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பஞ்சாமிர்த டப்பா செக்-இன் பெட்டியில் போகட்டும்.