எங்கள் துறையில் கல்வெட்டு என்றால்

நெடுஞ்சாலைத் துறையில் கல்வெட்டு என்றால் ஆங்கில 'கல்வெர்ட்'தான், சாலைக்குக் குறுக்கே மழைத்தண்ணீர் போகக் கட்டும் சிறு பாலம். இருபது வருஷம் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே தோன்றியதில்லை. ஜவ்வாதுமலையில் வேலை பார்க்கும் வரை.

பரமனந்தல் தாண்டி மலையேறும் பக்கம் ஒரு கிராமச் சாலையை அகலப்படுத்த எஸ்டிமேட் போட்டோம். அகற்ற வேண்டியவை என்ற தலைப்பில் நான் எழுதியது இது: மரம் 14, கல் 3. அந்த மூன்றில் ஒன்று இடுப்பளவு உயரப் பலகைக் கல். எண்ணெயும் மஞ்சளும் ஏறி, கறுத்துப் போயிருந்தது. உற்றுப் பார்த்தால் வில்லோடு ஒரு ஆள் தெரிவான். ஊர்க்காரர்களுக்கு அவர் வேடியப்பன்.

ஜேசிபி வந்த அன்று ஒரு பாட்டி வந்து கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். சண்டை போடவில்லை, அழவில்லை. "அவரை எங்கேப்பா போகச் சொல்ற?" என்று மட்டும் கேட்டார். பத்தடி தள்ளி நட்டுக் கொடுக்கிறோம் என்றேன். "அவரு செத்த எடம் இது" என்றார்.

அதற்கு எஸ்டிமேட்டில் பதில் இல்லை. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் பக்கவாட்டு வடிகாலை அளந்துகொண்டிருந்தோம். ஐந்து மணி வாக்கில் வெயில் சாய்வாக அந்தக் கல்லின் மேல் விழுந்தபோதுதான் பார்த்தேன். வில்லாளியின் தலைக்கு மேலே கோடு கோடாக எழுத்து. மதியம் முழுக்க அங்கேயே நின்றிருக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. நேர் வெயிலில் எழுத்து மறைந்துகொள்ளும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மேலதிகாரிக்குப் போன் போட்டு, "சார், ஒரு கல்வெட்டு இருக்கு" என்றேன். "பைப்பா, ஸ்லாபா?" என்று கேட்டார்.

சரி, எப்படியோ விஷயம் போக வேண்டிய இடத்துக்குப் போய், மைப்படி எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். பாட்டியிடம் அனுமதி கேட்டு, கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கினார்கள். பிறகு மை தொட்ட பந்தால் மெல்ல ஒற்றினார்கள். கறுப்பில் வெள்ளையாக வட்டெழுத்து எழும்பி வந்தது. ஆனால் முக்கால்வாசி தேய்ந்துபோயிருந்தது. பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது. தெளிவாகப் படிக்க முடிந்தது கடைசியில் இருந்த இரண்டு சொல்தான்: 'பட்டான் கல்'. பட்டான் என்றால் சண்டையில் மடிந்தான். பாட்டி சொன்னதும் அதுதானே.

அப்புறம் நான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். செங்கம் வட்டார நடுகற்களைத் தொகுத்து 1972-லேயே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை புத்தகம் போட்டிருக்கிறது. அந்தக் கற்களில் இருப்பவர்களில் பலர், எதிரிகள் கவர்ந்துபோன மாட்டை மீட்கப் போய்ச் செத்தவர்கள். எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் மடிந்தவனுக்கு எடுத்த கல்லில், அவனுடைய நாய் 'கோவிவன்' இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் வெட்டியிருக்கிறார்கள். 1,400 வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! எங்கள் கேங்கில் ரோடு போடும்போது லாரி மோதி ஒருவர் இறந்தார். அந்த இடத்தில் இருப்பது 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்'. அந்தப் பலகையை நட்டது நான்தான்.

தொழில்முறையில் எனக்குப் பொறாமை தந்த கல் வேறொன்று. தர்மபுரிப் பக்கம் கிடைத்த, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் காதக்கல், அதாவது அந்தக் காலத்து மைல்கல். காதம் என்பது பழைய தூர அளவு. நாவற்தாவளம் என்ற ஊருக்கு இத்தனை காதம் என்று எழுத்திலும் வெட்டி, எண்ணிலும் வெட்டி, படிக்கத் தெரியாதவர்கள் தடவி எண்ணிப் பார்க்கக் குழிகளும் போட்டிருக்கிறார்கள். பச்சை, மஞ்சள் என்று கிலோமீட்டர் கல்லுக்கு வர்ணம் அடிக்க வைத்தே ஓய்வு பெற்ற எனக்கு, அந்தக் குழிகளை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எஸ்டிமேட்டைத் திருத்தினோம். மையக்கோட்டை இரண்டு மீட்டர் ஒதுக்கினோம். கோப்பில் காரணமாக 'மண்ணின் தன்மை' என்று எழுதியிருக்கிறது. அப்படி எழுதினால்தான் கையெழுத்து சீக்கிரம் விழும்.

போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன், முன் சீட்டில். கல்லருகே சாலை லேசாக இடது பக்கம் ஒதுங்கும். டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே, "நேராப் போக வேண்டிய ரோடு, எவன் போட்டானோ" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்லில் புது மஞ்சள் இருந்தது.