காடும் புல்வெளியும் கரியமில வாயுவும்: நெட் தேர்வுக்கு நான் படித்த விதம்

நெல்லையிலும் பாளையிலும் இருந்துகொண்டு சி.எஸ்.ஐ.ஆர். நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) உயிர் அறிவியலுக்குப் படிக்கிற தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சூழலியலில் ஒரே ஒரு தலைப்பு: மழையும் கரியமில வாயுவும் காட்டையும் சவானாவையும் (ஆங்காங்கே மரங்கள் நிற்கும் வெப்பமண்டலப் புல்வெளி) என்ன செய்கின்றன?

இது பாடத்திட்டத்தில் ஒரே இடத்தில் கிடைக்காது. ஒளிச்சேர்க்கை ஆறாவது அலகில் இருக்கிறது, சூழலியல் பத்தாவது அலகில். இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்துப் படியுங்கள். தனித்தனியாகப் படித்தால் 4 மதிப்பெண் கேள்விகளில் தடுமாற வேண்டியிருக்கும்.

முதலில் மழை. மழையும் வெப்பமும் எவ்வளவு இருந்தால் எந்த வகைக் காடு, புல்வெளி என்று காட்டும் விட்டேக்கரின் படத்தை மனப்பாடம் செய்வதைவிட நம்ம வட்டாரத்தின் மேல் வைத்துப் பார்ப்பது நல்லது. மாஞ்சோலை, நாலுமுக்குப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை, அதனால் பசுமைமாறாக் காடு. கீழே முண்டந்துறையில் இலையுதிர்க்கும் மரங்கள், இடையிடையே உயரமான புல். கிழக்கே வல்லநாட்டுக் குன்றுக்கு வந்தால் முட்புதர், புல், வெளிமான்.

சரி, மழை மட்டும் போதுமா? போதாது. மகேஷ் சங்கரனும் மற்றவர்களும் ஆப்பிரிக்க சவானாக்களை ஆராய்ந்து 2005-ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையை அவசியம் படியுங்கள். ஆண்டு மழை சுமார் 650 மி.மீ.க்குக் குறைந்த இடங்களில், மரங்கள் எவ்வளவு அடரலாம் என்பதற்கு மழையே எல்லை வைக்கிறது. அதற்கு மேல் மழை பெய்யும் இடங்களில் மரங்கள் மூடிவிடக்கூடும். தீயும் மேய்ச்சலும்தான் புல்வெளியைக் காப்பாற்றுகின்றன. இந்த 650 ஆப்பிரிக்காவுக்கான எண். ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிட்டு மாதக்கணக்கில் காய்கிற நம்ம சமவெளிக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

அடுத்தது கரியமில வாயு. இங்கே நிதானமாக இருங்கள். ஒளிச்சேர்க்கையில் முதலில் உருவாகும் பொருளில் மூன்று கார்பன் அணுக்கள் இருந்தால் சி3 தாவரம், நான்கு இருந்தால் சி4. மரங்கள் பெரும்பாலும் சி3, வெப்பமண்டலப் புற்கள் பெரும்பாலும் சி4. அம்பாசமுத்திரத்து நெல்லும் வாழையும் சி3, கரிசல்காட்டுக் கம்பும் சோளமும் சி4 என்று நினைவில் வைத்தால் மறக்காது. சி3 இலையில் கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதி ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்வதால், ஒளிச்சுவாசம் என்ற வினையில் கார்பன் இழப்பு. சி4 புல்லோ இலை நரம்பைச் சுற்றியுள்ள கற்றை உறை செல்களில் கரியமில வாயுவைச் செறிவாக்கி இந்த இழப்பைத் தவிர்க்கிறது. அதனால் கடைசிப் பனியுகத்தில் வாயு அளவு 180-190 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இறங்கியபோது புல்லுக்குச் சாதகம். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280 பிபிஎம், இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தராசு மரத்தின் பக்கம் சாய்கிறது.

அப்புறம் இலைத்துளை. வாயு மிகுந்தால் துளைகள் ஓரளவு மூடிக்கொள்ளும், நீர் இழப்பு குறையும், மண்ணில் ஈரம் கூடுதல் நாள் நிற்கும். இதில் சி4 புல்லுக்கும் பலன் உண்டு என்பதைக் கவனியுங்கள். தேர்வில் பலர் சறுக்கும் இடம் இது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி தீ பற்றிய விளக்கம். புல்வெளியில் தீ வந்தால் இளமரத்தின் தண்டு கருகும், வேர் பிழைத்துத் துளிர்க்கும், அடுத்த தீயில் மறுபடி கருகும். சுடர் எட்டாத உயரத்தைத் தொட்டால்தான் அது மரமாகும். வாயு கூடும்போது வேரில் சேமிப்பு பெருகி, துளிர் அந்த உயரத்தைச் சீக்கிரம் எட்டுகிறது என்று பாண்டும் மிட்க்லியும் 2000-ல் வாதிட்டார்கள். உடலியலும் சூழலியலும் இவ்வளவு அழகாகக் கைகோக்கும் இடம் பாடத்திட்டத்தில் வேறு இல்லை.

எதிர்ச் சான்றுகளையும் விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் திறந்த காட்டில் நடந்த யூக்ஃபேஸ் சோதனையில் கூடுதல் வாயு கொடுத்தும் முதிர்ந்த யூகலிப்டஸ் மரங்கள் கூடுதலாக வளரவில்லை. மண்ணில் பாஸ்பரஸ் போதவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா புல்வெளியில் நடந்த பயோகான் சோதனையில், கூடுதல் வாயுவால் முதல் 12 ஆண்டுகள் சி3 புற்கள் அதிகம் பயன்பெற்றன, அடுத்த 8 ஆண்டுகளில் சி4 புற்கள்.

பயிற்சிக்கு ஒரு கேள்வி தருகிறேன். நம்ம ஊர்க் குளங்களில் சீமைக்கருவேலம் பரவியதற்குக் கரியமில வாயுதான் காரணமா? வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது, ஆடுமாடுகள் நெற்றைத் தின்று விதையைப் பரப்புவது, வெட்ட வெட்டத் துளிர்ப்பது, ஆழமான வேர் என்று ஒவ்வொன்றையும் தனியே எழுதுங்கள். வாயுவின் பங்கை மட்டும் பிரித்தறிய என்ன சோதனை வைப்பீர்கள் என்பதையும் நான்கு வரியில் எழுதிப் பாருங்கள்.