அந்த 28-இல் பாதம் இல்லை

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நர்ஸ் வேலை எனக்கு. முடக்குவாத நோயாளிகளை எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறோம் என்று அளக்க வந்தால், டாஸ்28 என்ற நோய்த் தீவிர எண் எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நல்ல அளவுகோல்தான், 28 மூட்டுகளில் வீக்கத்தையும் வலியையும் எண்ணி, ரத்தப் பரிசோதனையையும் நோயாளி தன் நிலை பற்றிச் சொல்வதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 2.6-க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது, 5.1-க்கு மேலே போனால் தீவிரம். ஆனால் பாதம் அதில் கிடையாது! காலையில் செருப்புக்குள் விரலை நுழைக்க முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கும் ஆயாவின் வலி அந்த எண்ணில் வராது. காலுறையைக் கழற்றிப் பார்த்தோமா? அதையும் அளக்க வேண்டும். அப்புறம் இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்துக்கு ஒரு தடவைதான், எந்தக் கிழமை என்று நோயாளியின் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்காமல் 'விளக்கப்பட்டது' என்று டிக் அடிப்பது போதவே போதாது, தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.