ஓராண்டு புராஜெக்ட்: எட்டாவது வாரத்துக்குள் ஒரு முழு ஒத்திகை

கல்லூரி மாணவர் செய்யும் ஆய்வுக்கு ஓராண்டு புராஜெக்ட் என்று பெயர்தானே தவிர, கைக்குக் கிடைப்பது ஓராண்டு இல்லை. 52 வாரங்களில் தேர்வுகள், படிப்பு விடுப்பு, பருவ விடுமுறை, பதிவு நடைமுறைகள் எல்லாம் போக 30 வாரம் மிஞ்சினால் அதிகம். மற்ற பாடங்களுக்கு நடுவே வாரம் 8 மணி நேரம் ஒதுக்க முடிந்தாலே பெரிது. ஆக, மொத்தம் 240 மணி நேரம். முழுநேர வேலைக் கணக்கில் இது ஆறே வாரம். முதல் சந்திப்பிலேயே மாணவரை உட்காரவைத்து இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிவிட வேண்டும். தலைப்பைச் சுருக்கு, சுருக்கு என்று பத்து முறை சொல்வதைவிட இது சட்டென்று உறைக்கும்.

எத்தனை நாளில் முடியும் என்று மாணவர் போடும் கணக்கு அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும். சோம்பலோ அலட்சியமோ அதற்குக் காரணமில்லை. மனிதர்கள் எல்லோருமே அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 33.9 நாள். எல்லாமே சொதப்பினால்? 48.6 நாள். உண்மையில் ஆனதோ 55.5 நாள். மோசமான நிலைமைக்கென்று போட்ட கணக்கும் போதவில்லை. அதனால் மாணவர் சொல்லும் நாளை ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் பெருக்கித்தான் அட்டவணையில் எழுத வேண்டும். பெருக்கினாலும், பட்டியலில் இருக்கும் வேலைக்குத்தான் அது உதவும். பட்டியலிலேயே ஏறாத வேலைகள் வேறு இருக்கின்றன: அனுமதிக் கடிதம், கருவிக்கான வரிசை, ஆர்டர் போட்ட பொருள் வந்து சேர்வது, தரவைச் சுத்தம் செய்வது. நேரம் பெரும்பாலும் இவற்றில்தான் கரைகிறது.

தலைப்பு வேறு, கேள்வி வேறு. 'மண்ணின் உப்புத்தன்மையும் பயிர்களும்' என்பது தலைப்பு. கேள்வி கிடைத்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இன்னும் எந்தத் தரவும் இல்லாத நிலையில், கடைசியில் வரப்போகும் வரைபடத்தின் வெற்றுச் சட்டத்தை மாணவர் வரைய வேண்டும். கிடை அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன, இரண்டுக்கும் அலகு என்ன, எத்தனை புள்ளிகள் வரும்? வரைய முடியவில்லை என்றால் கையில் இருப்பது இன்னும் தலைப்புதான். நான்காவது வாரத்துக்குள் இந்தச் சட்டம் தயாராகிவிட வேண்டும்.

அதற்கடுத்து எட்டாவது வாரத்துக்குள் நடக்க வேண்டியது ஒத்திகை. ஆண்டின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. பலரும் முன்னோட்டம் என்ற பெயரில் அளந்து மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது. அளப்பது, பதிவது, கணக்கிடுவது, வரைபடம் போடுவது, அரைப் பக்கம் எழுதுவது என்று முழு புராஜெக்டையும் சிறிய அளவில் ஒருமுறை கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

உப்பு விதை முளைப்பை எவ்வளவு குறைக்கிறது என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். 0, 50, 100, 150 மில்லிமோலார் (ஒரு லிட்டர் கரைசலில் எவ்வளவு உப்பு என்பதற்கான அலகு) என்று நான்கு செறிவு. ஒவ்வொன்றுக்கும் 5 பெட்ரி தட்டு, அதாவது மூடியுள்ள தட்டையான ஆய்வகத் தட்டு. தட்டுக்கு 20 விதை. மொத்தம் 20 தட்டு, 400 விதை. பத்து நாள் எண்ணினால் 200 பதிவுகள். ஒரு தட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் தினம் ஒரு மணி நேரம் போய்விடும். அதில் ஞாயிற்றுக்கிழமையும் வரும். ஆய்வகம் அன்று திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுவைக்க வேண்டும். ஒத்திகைக்கு இவ்வளவும் வேண்டாம். இரண்டு ஓரங்கள் மட்டும் போதும்: 0 மில்லிமோலாரில் இரண்டு தட்டு, லிட்டருக்கு 8.77 கிராம் சோடியம் குளோரைடு கரைத்த 150 மில்லிமோலாரில் இரண்டு தட்டு. 80 விதையோடு வேலை முடிந்தது.

இந்த நான்கு தட்டும் போதும், தவறுகள் வரிசையாகத் தலைகாட்டும். விதை எப்போது முளைத்ததாகக் கணக்கு? முளைவேர் 2 மில்லிமீட்டர் வெளியே வந்தால் என்று எழுதிவைக்காவிட்டால், ஒரே ஆளே மூன்றாம் நாள் ஒரு மாதிரியும் ஏழாம் நாள் வேறு மாதிரியும் எண்ணுவார். விதைக்கு அடியில் விரித்த வடிதாள் காய்ந்தால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். நாலைந்து நாளில் அது 150 மில்லிமோலார் இல்லை. காய்ந்துவிட்டதே என்று அதே உப்புக்கரைசலை மேலும் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசம். தட்டின் விளிம்பைப் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தால் சுற்றி மூட வேண்டும். அல்லது தினமும் எடை பார்த்து, குறைந்த எடைக்குக் காய்ச்சி வடித்த நீரைச் சேர்க்க வேண்டும். பூஞ்சை பிடித்தால், அடுத்த முறை விதைகளை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஐந்து நிமிடம் ஊறவைத்து நான்கு முறை கழுவிவிட்டு வைக்க வேண்டும். உப்பே இல்லாத தட்டில் பாதி விதைதான் முளைத்தது என்றால் அநேகமாக விதை பழசு. அதை வைத்து ஆண்டு முழுக்க உழைத்தாலும் உப்பால் வந்த குறைவு எது, விதையால் வந்த குறைவு எது என்று பிரிக்கவே முடியாது.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தவறுகள். கணக்கிட உட்காரும்போதுதான் பெரிய தவறு தெரியும். ஒரு தட்டில் இருக்கும் 20 விதையும் ஒரே தாளில், ஒரே ஈரத்தில் இருக்கின்றன. ஆகவே ஒரு செறிவுக்கான மாதிரி எண்ணிக்கை 5தான், 100 இல்லை. 100 என்று போட்டால் இல்லாத வித்தியாசம்கூட இருப்பதாகக் கணக்கு காட்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில், தேர்வு நடத்துபவரின் கண் நேராக இங்கேதான் போகும். எட்டாவது வாரத்தில் தெரிந்தால் செறிவுக்கு இன்னும் மூன்று தட்டு கூட்டிக்கொள்ளலாம்; இருபத்தெட்டாவது வாரத்தில் தெரிந்து என்ன செய்ய?

கேள்வித்தாள் வைத்துச் செய்பவர்களுக்கும் இதே ஒத்திகைதான். பத்துப் பேரிடம் கொடுத்து, அவர்கள் நிரப்பியதை எக்செலில் ஏற்றிப் பார்த்தால், 'பாடம் எளிமையாகவும் பயனுள்ளதாகவும் இருந்ததா' போன்ற கேள்விகளின் குளறுபடி உடனே தெரியும். எளிமை, ஆனால் பயனில்லை என்று நினைப்பவர் எதை டிக் செய்வார்? பெரிய கூட்டம் ஒன்றின் சதவீதத்தை 95 சதவீத நம்பிக்கையில், கூடக்குறைய 5 சதவீதப் புள்ளிக்குள் சொல்ல 385 பேர் வேண்டும். 10 புள்ளி போதுமென்றால் 97 பேர். அதுவும் குருட்டாம்போக்கில் கிடைத்தவர்களாக இல்லாமல், முறையாகக் குலுக்கி எடுத்தவர்களாக இருக்க வேண்டும். மனிதர்களிடம் தரவு எடுப்பதென்றால் அறநெறிக் குழுவின் அனுமதிக்கு முதல் மாதமே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வருமுன் எடுத்த தரவை அநேகமாகப் பிறகு சேர்க்க விடமாட்டார்கள்.

பதிவு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்கலாம். மூலத் தரவுக் கோப்பில் ஒருபோதும் கை வைக்கக்கூடாது, திருத்தமெல்லாம் நகலில்தான். கோப்பின் பெயர் 2025-03-14 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தானாகவே கால வரிசையில் அமையும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'கடைசி ஃபைனல்' என்ற பெயர்களால் வந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமில்லை. எக்செலை நம்பி விட்டுவிடவும் கூடாது. 'செப்ட்2' (SEPT2) என்ற மரபணுக் குறியீட்டை அது செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். இப்படிப்பட்ட மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றிவிட்டதாக, மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் 2020இல் அறிவித்தார்கள்.

கைடைப் பார்க்கப் போகும்போது ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போக வேண்டும்: என்ன முடிந்தது, எங்கே சிக்கல், எதற்கு இன்று முடிவு வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். 'போய்க்கிட்டு இருக்கு சார்' என்ற பதிலோடு முடிகிற சந்திப்பால் இருவருக்கும் அரை மணி நேரம் நஷ்டம். கைடு திருத்தித் தரத் தாமதிக்கிறார் என்ற குறையில் பாதி நியாயம் உண்டு. ஆனால் எண்பது பக்கத்தை ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் தாமதிக்கத்தான் செய்வார்கள். அத்தியாயம் அத்தியாயமாக, பத்து நாள் அவகாசத்தோடு கொடுத்தால் திரும்பி வரும்.

பதினெட்டாவது வாரத்தை வெட்டும் நாளாகக் குறித்துவைப்பது எங்கள் பழக்கம். அன்றுவரை பாதித் தரவு வரவில்லை என்றால் கேள்வியில் ஒரு பகுதியை விட்டுவிட வேண்டும். நான்கு செறிவை மூன்றாக்கலாம், தட்டு எண்ணிக்கையைக் குறைக்கக்கூடாது. குறைந்த கேள்விக்கு உறுதியான விடை கிடைத்தால் மதிப்பெண்ணும் கிடைக்கும். எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை என்பதும் விடைதான். முறை சரியாக இருந்தால் அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

எழுதும்போது செய்முறை அத்தியாயத்தைப் பரிசோதனை நடக்கும்போதே எழுதிவிட வேண்டும், ஆறு மாதம் கழித்து எந்த வடிதாள் என்று நினைவிருக்காது. பிறகு முடிவுகள், விவாதம், முன்னுரை, கடைசியாகச் சுருக்கம். சப்மிஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் பக்க எண், மேற்கோள் வடிவம், ஒப்புமைச் சோதனை (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது), பைண்டிங் இவற்றுக்கே சரியாகிவிடும். அந்த வாரங்களில் புதுத் தரவு எடுக்கவே கூடாது. வைவாவுக்கு முன்னால் ஒவ்வொரு வரைபடத்தையும் எடுத்து, பிழைக்கோடு காட்டுவது திட்ட விலக்கமா (அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன), திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு துல்லியமானது) என்று அடியில் எழுதியிருக்கிறதா பார்க்க வேண்டும். எழுதியிருந்தால் போதாது, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.