நுவரெலியாவில் ஒரு மாண்டரின் மீன்

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் கிரகரி வாவியில் படகு விடுவார்கள், ஹக்கல பூங்காவில் படம் எடுப்பார்கள். நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது ஒரு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால்.

நண்பனின் அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கடலிலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில், வீட்டு முன்னறையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார்! அதற்கான உப்பு கொழும்பிலிருந்து வருகிறது. கொழும்புக்காரர்கள் தொட்டியைக் குளிர்விக்கத் திண்டாடுவார்கள். இங்கே ஹீட்டருக்கு ஓய்வே இல்லை. மழையில் கரண்ட் போனால் தொட்டிக்குப் போர்வை சுற்றுவாராம்.

"பொறுங்க தம்பி, வெளிச்சம் குறையட்டும்" என்றார். தேத்தண்ணி ஆறியது. அப்புறம்தான் கல்லிடுக்கிலிருந்து விரல் நீளத்தில் ஒன்று வெளியே வந்தது. நல்ல நீலம், அதன்மேல் ஆரஞ்சும் பச்சையும் வளைந்து நெளிந்து ஓடின. நீந்துவதைவிட, அடித்துடுப்புகளை ஊன்றித் தத்திப் போவதுதான் அதிகம்.

அந்த நீலத்தில்தான் விஷயம் இருக்கிறது. மயிலிறகின் நீலம் சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. மீன்களின் நீலமும் பெரும்பாலும் அப்படித்தான். இந்த மீனின் தோலிலோ நிஜமான நீல நிறமி கொண்ட உயிரணுக்கள் இருக்கின்றன. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதிலும் இதன் நெருங்கிய உறவுமீன் ஒன்றிலும் அதைக் கண்டார்கள். செதில் கிடையாது. நாற்றமும் கசப்புமான வழுவழுப்புதான் கவசம்.

இலங்கைக் கடலில் இது இல்லை. ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரையுள்ள பவளப்பாறைகள்தான் சொந்த ஊர். அங்கே பொழுது சாயும்போது ஆணும் பெண்ணும் ஒட்டியபடி மேலே எழும்பி, முட்டையை நீரில் விட்டுவிட்டுப் பிரிந்துவிடும். அண்ணனிடம் இருப்பது தனி ஆண். பாவம்தான்.

எனக்கு உறுத்தியது சாப்பாட்டு விஷயம். பாறையில் ஊரும் பொடி இறால் போன்ற உயிர்களை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். கடைத் தீனியைப் பெரும்பாலும் தொடாது. அதனால் பல தொட்டிகளில் பட்டினி கிடந்தே சாகிறது. அண்ணன் பக்கத்தில் வாளி வைத்து அந்தப் பொடி உயிர்களைத் தனியாக வளர்க்கிறார். அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை. உங்களுக்கும் இல்லையென்றால் இதை வாங்காதீர்கள். வாங்கியே தீருவேன் என்றால், கடையில் அது தீனி தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.